கும்பகோணத்தில் உருவம் வரைய ஆள் பிடித்த அனுபவம்

ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கடம் இது. படிக்கிற வரைக்கும் எதிரே ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கூலி கொடுப்பது கல்லூரியின் வேலை. நாம் ஈசலை, அதாவது படம் வரையும் தாங்கியை விரித்து, கரித்துண்டை எடுத்தால் போதும். படிப்பு முடிந்து வெளியே வந்ததும் அந்த ஆள் இல்லை. தேடுவது, சம்மதம் வாங்குவது, உட்கார இடம், வெளிச்சம், கூலி எல்லாம் நம் தலையில் விழுகிறது. பெரும்பாலான நண்பர்கள் இந்த இடத்தில்தான் ஃபோட்டோ பார்த்து வரையப் போய்விட்டார்கள். சின்ன ஊரில் மாடல் எப்படிக் கிடைக்கும் என்று கேட்பவர்களுக்காக, கும்பகோணத்தில் நான் செய்து பார்த்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஃபோட்டோ பார்த்து வரைவது பாவம் ஒன்றும் இல்லை. சேலை மடிப்பு, நகை, பின்னணி இதற்கெல்லாம் நானும் எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஆனால் முகத்தைப் படிக்க அது உதவாது. கைபேசியை இரண்டடி தூரத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் போய்விடும். அதைவிடப் பெரிய தொல்லை நிறம். பல கைபேசிகள் நாம் கேட்காமலேயே முகத்தை வெளுக்க வைக்கின்றன. மாநிறத்திலும் கறுப்பிலும் இருக்கும் செம்பு, பச்சை, நீலம் எல்லாம் கலந்து ஒரே பழுப்பாகிவிடும். நிழல் பக்கத்தில் எதுவுமே தெரியாது. நம் மக்களின் தோலை உள்ளபடி வரைய வேண்டும் என்றால் ஆள் எதிரே இருந்தாக வேண்டும். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

ஆள் கிடைக்காத கஷ்டம் பெரிய ஓவியர்களுக்கும் இருந்திருக்கிறது. மாடலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல், வான்கோ நல்ல கண்ணாடி ஒன்றை வாங்கித் தன்னையே வரைந்தார். பிரான்சின் ஆர்ல் நகரில் 1888, 89 ஆண்டுகளில் அஞ்சல் துறை ஊழியர் ரூலனின் குடும்பம் முழுவதும், கைக்குழந்தை உட்பட, அவருக்காக உட்கார்ந்தது. அம்ரிதா ஷெர்கில் 1932 இல் வரைந்து, மறு வருடம் பாரிஸ் சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்ற ‘இளம்பெண்கள்’ ஓவியத்தில் இருப்பவர்கள் அவருடைய தங்கையும் ஒரு தோழியும். கண்ணாடி, வீட்டார், தெரிந்தவர் என்ற வரிசை எல்லோருக்கும் பொதுவானது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். வீட்டு ஆட்கள் அன்புக்காக உட்காருவார்கள். ஆனால் குக்கர் விசிலடித்தால் எழுந்துவிடுவார்கள். வெளி ஆள் தேவைப்பட்டது.

முதலில் செய்தது, ஏற்கனவே அசையாமல் இருப்பவர்கள் இருக்கும் இடத்துக்குப் போனது. கிளை நூலகத்தில் செய்தித்தாள் படிப்பவர்கள், மகாமகக் குளத்துப் படியில் சாயங்காலம் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், ரயில் நிலையத்தில் மூட்டையில் சாய்ந்து தூங்குபவர்கள். ஆனால் எல்லாவற்றிலும் நல்ல இடம் முடிதிருத்தும் கடைதான். துணி போர்த்திய ஒருவர் இருபது நிமிடம் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். எதிரே கண்ணாடி இருப்பதால், ஓரமாக உட்கார்ந்தால் பக்கத்தோற்றமும் நேர்த்தோற்றமும் ஒன்றாகக் கிடைக்கும். வெட்டுகிறவரோ நின்ற நிலை. ஒரு காலில் பாரம், தூக்கிய முழங்கை, குனிந்த கழுத்து. கத்தரி போகிற இடம் மாறினாலும் அவர் உடம்பு திரும்பத் திரும்ப அதே மூன்று நான்கு நிலைகளுக்குத்தான் வருகிறது. ஒரு நிலையைப் பாதி வரைந்து நிறுத்தி, அது திரும்பி வரும்போது தொடரலாம். தையல் மிஷினில் இருப்பவர், இஸ்திரி போடுபவர், பூக்கட்டுபவர், தறியில் இருப்பவர் எல்லோரும் இதே மாதிரி திரும்பி வரும் மாடல்கள்.

எங்கள் தெருமுனைக் கடைக்காரரிடம் நேரடியாகவே கேட்டேன். “அண்ணே, ஓரமா உக்காந்து வரைஞ்சுக்கட்டுமா? யாருக்கும் தொந்தரவு இருக்காது.” அவர் சொன்ன நிபந்தனை ஒன்றுதான்: “வரைஞ்சுக்குங்க தம்பி. ஆனா உக்காந்திருக்கிறவரு கேட்டா காட்டிடணும்.” நியாயமான நிபந்தனை. இன்றும் எல்லா இடத்திலும் அதைக் கடைப்பிடிக்கிறேன். வரைந்ததை மறைத்தால் சந்தேகம் வரும்; காட்டினால் பேச்சு வளரும்.

பேச்சு வளர்ந்ததில்தான் அடுத்த வழி தெரிந்தது. செவ்வாய்க்கிழமை கடை லீவு. அன்று அவர் சும்மாதான் இருப்பார். “இரண்டு மணி நேரம் எங்க வீட்டில் உட்கார முடியுமா அண்ணே, கூலி தந்துடறேன்” என்று கேட்டதும் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து ஆள் தேடுவதை விட்டுவிட்டு, அவரவர் தொழிலில் வேலை இல்லாத நாள் எது என்று தேட ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு தொழிலுக்கும் அப்படி ஒரு காலம் இருக்கிறது. நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கிறவர்களுக்கு ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. கோயில் முறை இருந்தாலும் பகல் பொழுது காலி. தாராசுரத்தில் பட்டு நெய்யும் சௌராஷ்டிரக் குடும்பங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு, அதாவது தறிக்கான நீள நூல், நீட்ட முடியாது. தறி நிற்கிற நாட்கள் வரும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அடைமழை. நாகப்பட்டினத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவர் மீன்பிடித் தடைக்காலத்துக்காகவே காத்திருப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலை பழுது பார்த்துக்கொண்டு கரையில் இருக்கும் ஆட்களை அவர் அந்த இரண்டு மாதத்தில் வரைந்து குவித்துவிடுவார். என் மேசைக்கு மேல் இருக்கும் தினசரிக் காலண்டரில் இப்படி யார் எப்போது ஓய்வு என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். வேலை இருக்கிற நாளில் ஒருவரைக் கூப்பிட்டால் நாம் அவர் பிழைப்பைக் கெடுக்கிறோம். வேலை இல்லாத நாளில் கூப்பிட்டால் நாம் கொடுக்கும் கூலி வீட்டுக்கு உதவுகிறது, மனம் நிம்மதியாக உட்காருகிறார். அந்த நிம்மதி தோளில் தெரியும்.

கூலி பற்றி. இரண்டு மணி நேரத்துக்கு 400 ரூபாய் கொடுக்கிறேன். அவர் தொழிலில் அந்த நேரத்துக்கு அதைவிட அதிகம் சம்பாதிப்பார் என்றால் அந்தத் தொகையைக் கொடுக்கிறேன். பணத்தை உட்காருவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பாதியில் முடியவில்லை என்று எழுந்து போகிற சுதந்திரம் அவருக்கு இருக்க வேண்டும். கூலிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரக் கூடாது. நாதஸ்வரக்காரருக்கு மட்டும் வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்துக் கொடுத்தேன். வித்வானுக்குக் கவரைக் கையில் திணிப்பது எங்கள் ஊரில் முறை இல்லை.

மறுப்பவர்களும் உண்டு, நிறையவே உண்டு. பொதுவாகச் சொல்லும் காரணம், “படம் எழுதினா ஆயுசு குறையும்பாங்க தம்பி.” பல வீடுகளில் பெரியவர்களின் பெரிய படம் சுவரில் ஏறுவது அவர்கள் போன பிறகுதான், மாலையோடும் பொட்டோடும். அதனால் அந்தப் பயத்தை மூடத்தனம் என்று நான் ஒதுக்குவதில்லை. வாதாடி உட்கார வைத்தால் அந்தக் கலக்கம் முகத்திலேயே நிற்கும். அதை வரைந்து என்ன செய்வது? “சரிங்க ஐயா, பரவாயில்லை” என்று வந்துவிடுவேன்.

கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் அக்காவும் முதலில் மறுத்தவர்தான். முகம் வேண்டாம் என்றார். “கையை மட்டும் வரைஞ்சுக்கலாமா அக்கா?” என்றேன். கைதானே என்று விட்டார். வாழைநாரில் மல்லிகையை இரண்டிரண்டாக வைத்து முடிச்சுப் போடும் அந்த விரல்களைப் பல காலைகள் வரைந்தேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நார் இறுகும் நொடியில் மணிக்கட்டு நரம்பு இரண்டு எழும்பும். அதைப் பிடிக்கவே வெகு நேரம் ஆனது. பக்கத்துக் கடைக்காரப் பெண்கள் எட்டிப் பார்த்து, “உன் கையேதான்டி இது” என்றார்கள். கொஞ்ச நாளில் அவரே, “முகம் எழுதணும்னா எத்தன நேரம் உக்காரணும்?” என்று கேட்டார்.

பெண்கள் உட்காரும் நாட்களுக்கு எங்கள் வீட்டில் சில ஏற்பாடுகள் உண்டு. என் மனைவியோ அம்மாவோ அறையில் இருப்பார்கள். தெருக்கதவு திறந்தே இருக்கும். வருகிறவர் துணைக்கு யாரையாவது அழைத்து வரலாம், அவருக்கும் டீ உண்டு. எந்த உடையில் உட்காருவது என்பதை அவரே முடிவு செய்வார். இடுப்பு, கழுத்து, கால் எங்கேயாவது மாற்றி உட்கார வேண்டும் என்றால் நான் தொட்டுத் திருத்த மாட்டேன். நானே அப்படி உட்கார்ந்து காட்டுவேன். இது ஆண்களுக்கும் பொருந்தும்.

அப்புறம் ஒரு தாள். அதில் நான்கே கேள்விகள்: படத்தைக் கண்காட்சியில் வைக்கலாமா, விற்கலாமா, இணையத்தில் போடலாமா, பெயரைச் சொல்லலாமா. வாசித்துக் காட்டி, தனித்தனியாகப் பதில் கேட்டு எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். மொத்தமாக “உங்க படத்தைப் பயன்படுத்திக்கலாமா” என்று கேட்பது போதாது. கண்காட்சியில் வைக்கச் சந்தோஷமாகச் சம்மதிக்கும் பலர், ஃபேஸ்புக்கில் போட வேண்டாம் என்கிறார்கள். மகளுக்கு வரன் பார்க்கிற நேரம், சொந்தக்காரர்கள் வாய் என்று அவரவருக்குக் காரணம் இருக்கும். கேட்டால்தானே தெரியும்.

இனி மேடை. நான் நின்றுகொண்டு வரைகிறேன். உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ நான்கு அடி உயரத்தில் இருக்கும். நிற்கும் என் கண்ணோ ஐந்தடிக்குச் சற்று மேலே. அப்படியே வரைந்தால் எல்லோரையும் மேலிருந்து குனிந்து பார்த்த படமாகவே வரும். நெற்றி பெரிதாக, தாடை சிறிதாக, கூலி கொடுப்பவன் பார்வையில். உழைக்கிற மனிதரைக் கண்ணுக்குக் கண் நேராகப் பார்த்து வரைய வேண்டும் என்றால் அவர் ஓரடி உயர வேண்டும். கல்லூரிகளில் இதற்காகவே மாடல் மேடை வைத்திருப்பார்கள்.

ஒரே ஒரு 8×4 அடி பிளைவுட் ஷீட்டில் இது முடிந்துவிடுகிறது. 19 மி.மீ. கனம் எடுத்தேன். கடையிலேயே பாதியாக அறுத்து வாங்கினால், ஒரு பாதி 4×4 மேல் பலகை. மறு பாதியை ஓரடி அகலத்தில் நான்காக அறுத்தால் நான்கு பக்கச் சுவர்களும் கிடைத்துவிடும், ஒரு துண்டுகூட வீணில்லை. ரம்பம் தின்பதால் ஒவ்வொன்றும் ஓரடிக்குக் கொஞ்சம் குறையும். நான்கும் சமமாக இருந்தால் போதும். எதிரெதிராக வரும் இரண்டு துண்டுகளை மட்டும் நீளத்தில் 38 மி.மீ. குறைக்க வேண்டும், அதாவது பலகைக் கனத்தைப் போல இரண்டு மடங்கு. அப்போதுதான் அவை மற்ற இரண்டுக்கும் நடுவில் உட்காரும். உள்ளே குறுக்கே இரண்டு அங்குலச் சதுர ரீப்பர் (மரச் சட்டம்) ஒன்று, அதன் நடுவில் ஒரு கால். ஃபெவிகால் தடவி இரண்டு அங்குல ஸ்க்ரூ போட்டு இறுக்கியாயிற்று. மேலே பழைய ஜமுக்காளத்தை இழுத்துக் கட்டி ஆணி அடித்தால் நாற்காலி வழுக்காது. பின் விளிம்பில் ஓரங்குலம் உயர்ந்து நிற்கிற மாதிரி ஒரு ரீப்பரை அடித்துவிடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பின்னால் சாய்கிறவரின் நாற்காலிக் கால் அதில் முட்டி நிற்கும்.

மேடை வந்ததும் கிடைத்த இன்னொரு நன்மை சம்மணம். நாற்காலியில் கால் மணி நேரத்தில் நெளிய ஆரம்பிக்கும் பெரியவர்கள், மேடையில் ஒரு மணைப்பலகை போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தால் அப்படியே இருப்பார்கள். முதுகு தானாக நிமிரும், கை தானாக மடிக்கு வரும். நாதஸ்வரக்காரரும் தறிக்காரரும் ஆயுள் முழுக்க உட்கார்ந்து பழகிய நிலை அது. மேலைநாட்டுப் புத்தகங்களில் இருக்கிற நாற்காலி நிலைகளை நம் ஆட்களிடம் முயல்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

வெளிச்சத்திலும் புத்தகம் சொல்வதை நம் ஊருக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கிறது. வடக்குச் சன்னல் வைத்தால் நாள் முழுக்க வெளிச்சம் மாறாது என்று எழுதியிருப்பார்கள். ஐரோப்பாவுக்கு அது சரி. கும்பகோணம் நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கில்தான் இருக்கிறது. ஏறத்தாழ ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை உச்சிச் சூரியனே நமக்கு வடக்குப் பக்கம் இருக்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சன்னலில் சாய்ந்த வெயில் உள்ளே வந்து முகத்தில் கோடு போடும். அதற்கு நான் பழைய மல் வேட்டி ஒன்றைச் சன்னல் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறேன். நேர் வெயில் வேட்டியில் பட்டு, மென்மையாக அறை முழுக்கப் பரவும். ஆளைச் சன்னலிலிருந்து நான்கைந்து அடி தள்ளி, முகத்தில் முக்கால் பங்கு வெளிச்சம், கால் பங்கு நிழல் என்று திருப்பி உட்கார வைக்கிறேன். நான் நிற்பது எட்டடி தூரத்தில். அதைவிடக் கிட்டே போனால் கைபேசி செய்யும் அதே தவறு கண்ணிலும் வந்துவிடுகிறது. டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும். இரண்டு வெளிச்சம் கலந்தால் நிழலின் நிறம் புரியாது.

உட்காரும் நேரம் இருபது நிமிடம், அப்புறம் ஐந்து நிமிட ஓய்வு. அவர் வலிக்கவில்லை என்று சொன்னாலும் ஓய்வு கொடுத்துவிட வேண்டும். கால் மரத்துப் போனது எழும்போதுதான் தெரியும். எழுவதற்கு முன் நாற்காலிக் கால், பாதம், முழங்கை இருந்த இடங்களை மாஸ்கிங் டேப்பால் குறித்துக்கொள்வேன். பார்வை நிற்க ஒரு புள்ளி வேண்டுமே, அதற்கு எதிர்ச்சுவரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. வாயும் கண்ணும் வரைகிற நேரம் தவிர மற்ற நேரம் பேசலாம், பாட்டுக் கேட்கலாம். முதல் இருபது நிமிடத்தில் வரைவதை நான் பெரும்பாலும் ஓரம் வைத்துவிடுகிறேன். அப்போது எல்லோரும் ஸ்டுடியோவில் ஃபோட்டோ எடுக்க உட்கார்ந்த மாதிரி விறைப்பாக இருப்பார்கள். இரண்டாவது தடவை மேடை ஏறும்போதுதான் தோள் இறங்கி, தலை தன் வழக்கமான சாய்வுக்கு வரும். நல்ல வரைதாளை அப்போதுதான் எடுப்பேன். அதுவரை பழுப்பு பேக்கிங் தாளும் கரித்துண்டும் போதும்.

முழு உருவம் வரைவதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஆடையில்லாத மாடல் கிடைக்காமல் உடற்கூறு எப்படிப் படிப்பது என்று. முழு நிர்வாணத்தை வைத்துப் படிப்பது கலைக் கல்லூரிகளின் முறை, அதற்கு அங்கே ஒழுங்கும் பாதுகாப்பும் உண்டு. வீட்டில் அதற்கு முயல வேண்டாம் என்பது என் கருத்து, தேவையும் இல்லை. சட்டையில்லாத ஆண் உடம்பு நம் ஊரில் தினசரிக் காட்சி. காவிரியின் பகவத் படித்துறையில் காலையில் குளிப்பவர்கள், மூட்டை தூக்குபவர்கள், வயலில் இருப்பவர்கள். சென்னை மெரினாவில் 1959 இல் வைத்த தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பாறையை நெம்பும் அந்த முதுகுகளும் கெண்டைக்கால்களும் எங்கிருந்து வந்தவை என்று புரியும்.

எனக்கு இதில் கை கொடுத்தவர் சிலம்பம் சொல்லித்தரும் ஆசான் ஒருவர். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, கம்பை ஊன்றி நின்றார். காறை எலும்பு, தோள்பட்டை எலும்பு, விலாப் பக்கத் தசை, முதுகுத் தண்டின் வளைவு எல்லாம் பாடப் புத்தகம் இல்லாமலேயே தெரிந்தன. கம்பு கையில் இருந்தது இன்னொரு வசதி: நிற்கிறவருக்கு ஊன்றிக்கொள்ளப் பிடி, எனக்குச் சாய்வை அளக்க ஒரு நேர்கோடு. ஒரு நிமிட, இரண்டு நிமிட விரைவு வரைதல்களுக்கு அவருடைய மாணவர்கள் வந்தார்கள். பரதம் படிக்கும் பெண்ணொருவர் தன் குருவின் அனுமதியோடு வந்து, அரைமண்டியில் நின்று காட்டினார். முழங்கால் பக்கவாட்டில் திறந்து, முதுகு நேராக, பாரம் இரண்டு பாதத்திலும் சமமாக. அதை ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கச் சொல்லக் கூடாது; தொடை நடுங்க ஆரம்பிப்பது பார்த்தாலே தெரியும்.

சேலை கட்டிய உருவத்தில் உடம்பு மறைந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. கொசுவம் இடுப்பிலிருந்து நேர்கோட்டில் தொங்குகிறது. அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இடுப்பு தள்ளியிருக்கிறது என்று பார்த்தாலே பாரம் எந்தக் காலில் என்று தெரிந்துவிடும். முந்தானை தோளின் சாய்வைச் சொல்லும்.

யாருமே வராத நாட்களில் நான் நாகேஸ்வரன் கோயிலுக்குப் போகிறேன். கருவறைச் சுவரின் வெளி மாடங்களில் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சோழர் காலச் சிற்பங்கள் இருக்கின்றன. தெய்வ உருவங்களுக்கு நடுவே, அந்தக் காலத்து மனிதர்களின் உருவச் சிலைகளாகவே இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதும் ஆண்களும் பெண்களும் நிற்கிறார்கள். அந்தப் பெண் உருவங்களில் ஒரு காலில் பாரம் விழுந்து, அதே பக்கத் தோள் மெல்ல இறங்கி, இடுப்பு ஒசிந்து நிற்கும் நிலையை வரைந்து பாருங்கள். மறுநாள் உயிருள்ள ஆள் எதிரே நிற்கும்போது எதைத் தேட வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும். காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் நல்லது. கோயில் அலுவலகத்தில் சொல்லிவிட்டு உட்காருவது மரியாதை.

பக்கத்தில் சுவாமிமலை. அங்கே ஸ்தபதிகள் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்துப் பாகம் போட்டு உருவத்தை அளப்பார்கள். உத்தம தசதாளம் என்ற சிலை அளவு முறையில் மொத்த உயரம் 124 அங்குலம் என்பது சாஸ்திரக் கணக்கு. இந்த அங்குலம் சிலையின் அளவிலிருந்தே பிறப்பது, நம் இஞ்ச் கிடையாது. அந்தக் கணக்கு தெய்வத்துக்கானது. மனிதரை வரையும்போது தலையை அலகாக வைத்து எண்ணினால் ஏழு, ஏழரைத் தலைக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் ஓலை மடிக்கும் வழக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். உச்சியிலிருந்து பாதம் வரை உயரத்தை ஓலையில் குறித்து இரண்டாக மடித்தால் நடு எங்கே என்று கிடைக்கிறது. நிற்கும் ஆளுக்கு அது கால் பிரியும் இடத்தின் அருகில் வரும். நான்காக மடித்தால் மேல் கால்பாகம் மார்பில், கீழ்க் கால்பாகம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே. பென்சிலை நீட்டி ஒற்றைக் கண்ணால் அளப்பதைவிட எனக்கு இது எளிதாக இருக்கிறது.

பூக்கட்டும் அக்காவின் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் செய்தேன். 16×20 அங்குலக் கான்வாஸ். வெள்ளைத் துணியில் மாநிறத்தைத் தொடங்கினால் எந்தக் கலவையும் கறுப்பாகத் தெரிந்து கை பயப்படும். அதனால் முதலில் ரா அம்பர் என்ற மண்பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் கரைத்து மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்துக் காய வைத்தேன். தட்டில் டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, இந்தியன் ரெட், ரா அம்பர், அல்ட்ராமரின் நீலம். கறுப்பு வைக்கவில்லை. பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும் கலந்தால் தேவையான ஆழம் வருகிறது, அதில் உயிரும் இருக்கிறது. கறுப்பைக் கலந்த நிழல் கருங்கல்லாகிவிடும்.

வரைய வரையத்தான் எத்தனை நிறம் என்று தெரிந்தது. நெற்றியிலும் கன்ன மேட்டிலும் சன்னல் வெளிச்சம் பட்ட இடம் வெளிர் மஞ்சளாக இல்லை. வானத்தின் நீலம் கலந்த சாம்பல். தோல் எவ்வளவு கறுப்போ அவ்வளவு தெளிவாக அந்தக் குளிர்ந்த மினுக்கம் தெரியும். அவர் தினமும் மஞ்சள் பூசுகிறவர். கன்னத்தின் நடுநிறத்தில் ஓக்கரோடு துளி பச்சைச் சாயல் சேர்க்க வேண்டியிருந்தது. தாடைக்குக் கீழே நிழலில் நான் எதிர்பாராத சிவப்பு. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது: எங்கள் வீட்டுத் தரை சிவப்பு ஆக்சைடு. தரையில் விழுந்த வெளிச்சம் கீழிருந்து தாடையிலும் கழுத்திலும் ஏறியிருக்கிறது. அந்தப் பழைய தரையை ஜமுக்காளம் போட்டு மூடாமல் விட்டது நல்லதாயிற்று. இந்தப் பகுதிக்காரரான ஓவியர் இளையராஜாவின் கிராமத்துப் பெண்களை நினைத்துக்கொண்டேன். கொரோனாவில் 2021 இல் அவரை இழந்துவிட்டோம். வீட்டுக்குள் வரும் வெளிச்சம் கறுத்த தோலில் என்ன செய்யும் என்று நமக்குக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

வேலை வரிசை வழக்கமானதுதான். கரித்துண்டில் அமைப்பு, நிழல் பகுதிகளை ஒரே மெல்லிய பூச்சாக, அப்புறம் நடுநிறங்கள், கடைசியில் மினுக்கம். அம்பர் கலந்த நிழல் சீக்கிரம் காயும். வெள்ளை அதிகம் உள்ள இடங்கள் நாள் பிடிக்கும். அதனால் அடுத்தடுத்த உட்கார்வுகளுக்கு நடுவில் ஒரு வாரமாவது விட்டேன். அவர் ஒவ்வொரு முறையும் அதே சேலையில், அதே பக்கம் பூ வைத்து வந்தார். நான் கேட்காமலேயே. மூக்குத்தியின் ஒளிப்புள்ளியைக் கடைசியாக, ஒரே தொடலில் வைத்தேன்.

முடிந்த படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது, “காதுல தோடு போட்டு எழுதுவீங்களா தம்பி?” தோடு அடகில் இருந்தது. உட்கார்ந்த நாட்களில் காதில் இருந்தது வேப்பங்குச்சிதான், அதைத்தான் வரைந்திருந்தேன். பெரிய படத்தை மாற்ற எனக்கு மனம் வரவில்லை, அவரிடமும் அதைச் சொன்னேன். உட்காருகிறவர்களுக்கு ஒரு சிறு பிரதி கொடுப்பது என் வழக்கம். அவருக்கான பிரதியில் அவர் சொன்னபடி, ஏழு கல் வைத்த தோட்டோடு வரைந்து, சட்டம் போட்டுக் கொடுத்தேன். தோட்டின் அமைப்பை அவர் என் நோட்டில் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார்.

இப்போது ஞாயிறு காலைகளில் நான்கைந்து பேர் சேர்ந்து வரைகிறோம். கூலியைப் பகிர்ந்துகொள்வதால் ஒருவருக்கு நூறு ரூபாய்க்குள் வருகிறது. ஆளுக்குக் கிடைப்பது குறைவதில்லை. வருகிறவர்கள் கைபேசியைத் திண்ணையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் உடம்பைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ யாரும் பேச்செடுப்பதில்லை. ஓய்வு நேரத்தில் அவர் எழுந்து எல்லா ஈசலையும் சுற்றிப் பார்க்கலாம், எப்போதும் பார்க்கிறார்கள்.

ஆடி பிறந்ததும் நாதஸ்வரக்காரர் தன் தவில்காரரையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் வாத்தியத்தோடு உட்கார 4×4 மேடை போதாது. அதே உயரத்தில் 4×2 அடியில் இன்னொன்று செய்து பக்கத்தில் சேர்த்து, இரண்டையும் போல்ட் போட்டு இறுக்கலாம் என்று இருக்கிறேன். பிளைவுட் சொல்லியாயிற்று.